சுரண்டக் கூடாத வீடு

எங்கள் வீட்டில் எல்லோருமாகச் சேர்ந்து வெளியூர் போனது கிடையாது. கல்யாணமோ காரியமோ, யாராவது ஒருவர் வீட்டில் இருந்தே ஆக வேண்டும். என் கல்யாணத்துக்கே மண்டபத்தைத் தெருக்கோடியில்தான் பார்த்தார்கள். முகூர்த்தம் முடிந்த கையோடு மாமனார், வீட்டுக்குப் போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்துதான் பந்தியில் உட்கார்ந்தார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. மேற்கு மாம்பலத்தில் ரயில் சத்தத்துக்கு நடுவே சின்ன ஃப்ளாட்டில் வளர்ந்தவள் நான். மயிலாப்பூரில், குளத்துக்கு இவ்வளவு பக்கத்தில் சொந்த வீடு என்றால் கொஞ்சம் காவல் காப்பதில் தப்பில்லை என்றுதான் பட்டது.

வீடு என் மாமனாருக்கும் அவருடைய தம்பிக்கும் பொது. உயில் எதுவும் இல்லை. முன்பாதியில் மாமனார், என் கணவர், நான், குழந்தை. பின்பாதியில் சித்தப்பா, சித்தி, அவர்களுடைய மகன். நடுவில் இருக்கும் கதவு எப்போதும் தாழ்ப்பாள் போட்டே இருக்கும். பாகப்பிரிவினை வழக்கு என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நடக்கிறது. சித்தப்பாவுக்கு வீட்டை இடித்து பில்டரிடம் கொடுத்து ஃப்ளாட்டாகக் கட்டிவிட வேண்டும். மாமனாருக்கோ தான் பிறந்த வீட்டில் ஒரு செங்கல்கூட அசையக் கூடாது. வழக்கு முடிகிறவரை யாரும் எதையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது, இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அதற்கு மேல் எங்கள் வக்கீல் தன் பங்குக்கு ஒன்று சொல்லி வைத்திருந்தார்: "ஒரு நாள்கூட பூட்டிண்டு போயிடாதீங்கோ. சுவாதீனம் போச்சுன்னா எல்லாம் போச்சு."

இந்தச் சுவாதீனம் என்கிற வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வீடு எங்கள் சுவாதீனத்தில் இருப்பதாக அவர்கள் சொல்வார்கள். நாங்கள்தான் அதனுடைய சுவாதீனத்தில் இருந்தோம்.

குழந்தைக்கு ஒன்றரை வயது ஆனபோது சரியாகச் சாப்பிட மாட்டாள், காரணமில்லாமல் சிணுங்குவாள், முகம் வெளிறிக் கிடந்தது. இரும்புச்சத்துச் சொட்டு மருந்து கொடுத்துப் பார்த்தோம். ரத்தம் ஏறவே இல்லை. ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் குழந்தை மருத்துவர் இன்னும் சில ரத்தப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்தார். முடிவு வந்ததும் அதைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "உங்க வீடு பழசா?" இரண்டாவது கேள்வி, "குழந்தை எதையாவது கடிக்கிறாளா?"

கூடத்து ஜன்னல் கட்டை அவள் உயரத்துக்குச் சரியாக இருக்கும். கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவில் போகும் கீரைவண்டியையும் மாட்டையும் பார்த்தபடி, பல் முளைக்கிற ஊறலில் அந்தக் கட்டையைக் கடித்துக்கொண்டே நிற்பாள். போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறேன். 'எங்க வீட்டு எலி' என்று கீழே எழுதி வேறு.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் இருந்தது. பழைய எனாமல் பெயிண்டில் இருந்து வந்திருக்கலாம் என்றார் டாக்டர். பெயிண்ட் பொரிந்து உதிரும், கதவும் ஜன்னலும் உரசும்போது தூளாகும், தூள் தரையில் விழும், தரையில் தவழ்கிற குழந்தை கையை வாயில் வைக்கும். இந்த அளவுக்கு மருந்து எதுவும் கொடுப்பதில்லை, எங்கிருந்து வருகிறதோ அதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். "மூளை வளர்ற வயசும்மா. இதுவரைக்கும் என்ன ஆச்சுன்னு இப்ப சொல்ல முடியாது. இனிமே ஆகாம பாத்துக்கலாம். ஒண்ணே ஒண்ணு, பயந்துபோய் பெயிண்டைச் சுரண்டிடாதீங்க. அந்தத் தூள் இன்னும் மோசம்."

ஆட்டோவில் திரும்பும்போது குழந்தை என் மடியில் தூங்கிவிட்டாள். ட்ராஃபிக்கில் நின்ற நேரமெல்லாம் எனக்குள் ஓடியது ஒரே எண்ணம்தான். இந்த வீட்டை விட்டுப் போயாக வேண்டும். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பயத்துக்கு நடுவே ஒரு ஓரத்தில் சந்தோஷமும் இருந்தது. குழந்தையின் ரத்தம் சரியாக வேண்டும் என்பது ஒன்று, நான் இங்கிருந்து வெளியே போக வேண்டும் என்பது ஒன்று. இரண்டும் ஒன்றேதான் என்று அன்றைக்கு நினைத்தேன். இனிமேல் யாரும் என்னைத் தடுக்க முடியாது என்று நினைத்தேன்.

விஷயத்தைக் கேட்ட மாமனார் நேராகச் சமையலறைக்குப் போனார். ரசம் வைக்கும் ஈயச்சொம்பை எடுத்து வந்து, ஏதோ திருட்டுச் சாமானைப் போல என் கையில் கொடுத்தார். "இதைத் தூக்கிப் போட்டுடும்மா. இது போறும். குழந்தைக்கு அப்புறம்தான் எல்லாம்." ரசத்தை உயிராக நினைக்கிற மனிதர். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சொம்பு வெள்ளீயம்ப்பா, அது வேற, கொழந்தை ரசத்தைத் தொடவே மாட்டா என்று எவ்வளவோ சொன்னேன். அவருக்குச் சொம்பின் மேல் பழி விழுந்தால் நிம்மதி. வீட்டின் மேல் விழுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் நான் ஜன்னல், கதவு, நிலைப்படி எல்லாவற்றிலிருந்தும் தானாகப் பொரிந்து வந்த துணுக்குகளைப் பொறுக்கித் தனித்தனிப் பையில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினேன். எல்லாவற்றிலும் ஈயம் இருந்தது. நிலைப்படியில்தான் மிக அதிகம். எங்கள் வாசல் நிலைப்படிக்கு யாரோ ஒரு காலத்தில் மஞ்சள் எனாமல் அடித்து, அதன் மேல் வரிசையாகச் சிவப்புப் பொட்டு வைத்திருந்தார்கள். தினம் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கச் சோம்பல்பட்டுச் செய்த ஏற்பாடு. மயிலாப்பூரில் பாதி வீட்டில் இப்படித்தான் இருக்கும். பழைய மஞ்சளிலும் சிவப்பிலும்தான் ஈயத்தை அள்ளிப் போட்டிருப்பார்களாம். குழந்தை சாயங்காலம் அதில் உட்கார்ந்துதான் முறுக்கு தின்பாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் ஆரம்பித்தேன். வேறு வீடு பார்க்கலாம், அடையாறு பக்கம் என் ஆபீஸுக்கும் கிட்டே. என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அப்பாவை விட்டுட்டு எப்படிப் போறது? ஹார்ட் பேஷண்ட். தனியா இருந்தா சித்தப்பா ஆளைக் கூட்டிண்டு வந்து பூட்டை மாத்திடுவார்."

"அப்பாவையும் கூட்டிண்டு போகலாம்."

"அப்போ வீடு?"

குழந்தையா வீடா என்று நான் கத்தினேன். குழந்தைதான், அதில் என்ன சந்தேகம் என்று அவரும் கத்தினார். பிறகு மெதுவாக, "வீட்டை விடாம குழந்தையைக் காப்பாத்த வழி இருக்கான்னு பாரேன்" என்றார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இன்னொரு கட்டளையும் போட்டார். இந்த விஷயம் பின்பக்கத்துக்குத் தெரியக் கூடாது. வீடு குடியிருக்கவே லாயக்கில்லை என்று சித்தப்பாவின் வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார், இடிக்க உத்தரவு வாங்கிவிடுவார். அதனால் என் குழந்தையின் ரத்தம் குடும்ப ரகசியமாகிவிட்டது.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் அம்மா வீட்டுக்குப் போனேன். அங்கே அண்ணாவும் மன்னியும் அவர்களுடைய இரண்டு பிள்ளைகளும் ஏற்கெனவே ஒருவர் மேல் ஒருவர் ஏறிப் படுத்துக்கொண்டிருந்தார்கள். மன்னி முகம் கோணாமல்தான் இருந்தாள், ஆனால் காலையில் பாத்ரூம் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருந்தது. மாமனார் தினமும் போன் பண்ணி, குழந்தை சாப்பிட்டாளா என்று கேட்பார், வீட்டுக்கு வா என்று மட்டும் சொல்ல மாட்டார். ஒரு நாள் அவருக்கு நெஞ்சு வலிக்கிறதென்று என் கணவர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். வாயு என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அந்த நேரம் யாரும் இல்லை என்பதுதான் அவருக்கு நெஞ்சு வலியைவிடப் பெரிய வலி. நான் போன சுருக்கில் திரும்பி வந்தேன்.

வெளியே போகவும் முடியாது, எதையும் பெயர்த்தெடுக்கவும் முடியாது, சுரண்டவும் கூடாது. மிச்சமிருந்தது ஒன்றுதான், மூடிவிடுவது. ஈயம் கலந்த பெயிண்டின் மேலே பூசுவதற்கென்றே ஒரு பூச்சு இருக்கிறது என்று படித்தேன். சாதாரண பெயிண்டைப் போல இல்லாமல் கெட்டியாக, காய்ந்ததும் ரப்பர் மாதிரி ஒரு தோலாக உட்கார்ந்துகொள்ளும். உள்ளே இருப்பது உள்ளேயே கிடக்கும். பூச்சு அடிப்பது மாற்றம் செய்வது ஆகாது என்று வக்கீலும் சொல்லிவிட்டார்.

தி.நகரில் கடை கடையாக ஏறினேன். எல்லோரும் "மொட்டை மாடி ஒழுகுதா மேடம்?" என்று வாட்டர்புரூஃபிங் டப்பாவைத் தூக்கிக் கொடுத்தார்கள். கடைசியில் ஒருவர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு வரவழைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டார். டப்பாக்கள் வந்து சேர்வதற்குள் நான் வீட்டை ஈரத் துணியால் துடைத்துத் துடைத்தே இடுப்பு ஒடிந்துபோனேன். துடைப்பம் எடுத்தால் தூள் பறக்கும் என்று துடைப்பத்தையே ஒளித்து வைத்திருந்தேன்.

பெயிண்டர் நொச்சிக்குப்பத்துக்காரர். எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு அவர்தான். வந்து நின்றதும் கையோடு கொண்டுவந்த சுரண்டுகிற தகட்டையும் தேய்க்கிற எமரித் தாளையும் எடுத்தார். இது இரண்டும் வேண்டாம் என்றேன். மனிதருக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னாம்மா பேசற நீ? சொரண்டாம அடிச்சா எப்டி நிக்கும்? நாளைக்கு உரிஞ்சிகினு வந்தா என்னிய தானே திட்டுவ? ஆறு கோட்டு கீது இதுல, பாரு!" ஜன்னலில் பெயிண்ட் உடைந்திருந்த இடத்தைக் காட்டினார். கிரீம், பழுப்பு, பச்சை, மறுபடி பச்சை, நீலம், அடியில் என்னவென்று தெரியாத ஒன்று. ஒவ்வொரு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் ஒரு கோட்டு ஏறியிருந்தது.

நான் தூளைப் பற்றிச் சொன்னேன். அவர் மாமனாரிடம் முறையிட்டார். "சாமி, நீயாச்சும் சொல்லு. இருவது வர்சமா இந்தத் தூளைத்தான் துன்னுகினு கீறேன். எனுக்கு இன்னா ஆச்சு?"

நீங்களும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்றேன். சிரித்தார். செய்துகொண்டாரா என்று இன்றுவரை தெரியாது.

ஒரு வழியாக இப்படித் தீர்மானம் ஆயிற்று. தளர்ந்து தொங்குவதை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாக எடுப்பது, சோப்புத் தண்ணீரால் கழுவுவது, ஓரமாகக் கொஞ்சம் பூசிக் காயவிட்டு, பிளேடால் பெருக்கல் குறி கீறி இழுத்துப் பார்ப்பது, ஒட்டி நின்றால் முழுவதும் அடிப்பது. கூடத்து ஜன்னலில் நின்றது. சமையலறைக் கதவிலும் பூஜை அறைக் கதவிலும் அப்படியே கையோடு வந்துவிட்டது. வருஷக்கணக்கான எண்ணெய்ப் புகை, கற்பூரக் கரி. பெயிண்டர் எமரித் தாளை என் முன்னால் நீட்டினார். இரண்டு கதவையும் நானே திரும்பத் திரும்பக் கழுவினேன்.

பூச்சில் குழந்தைகள் வாய் வைக்காமல் இருக்கக் கசப்பு கலந்திருந்தது. காய்ந்த பிறகு என் கணவர் நிஜமாகவே கசக்கிறதா என்று ஜன்னல் கட்டையை நக்கிப் பார்த்தார். மறுநாள் வரை காபி வேப்பிலைக் கஷாயமாக இருந்ததாம். குழந்தை ஒரு தடவை வாய் வைத்தாள், உலகமே தன்னை ஏமாற்றிவிட்டதாக ஓவென்று அழுதாள், அதோடு விட்டாள். நானும் அவரும் ரொம்ப நாளைக்குப் பிறகு சேர்ந்து சிரித்தோம்.

ஆனால் ஜன்னல் கதவுகள் இருக்கின்றனவே. எங்கே மரமும் மரமும் உரசுகிறதோ அங்கே பூச்சு நிற்காது. திறந்து மூடினால் தேய்ந்துவிடும், பழையது திரும்பத் தூளாகும். அப்படிப்பட்ட ஜன்னலைக் கழற்றிவிட்டுப் புதிது போட வேண்டும். எங்களுக்கோ கோர்ட் உத்தரவு. ஆக, கூடத்து ஜன்னல்களையும் படுக்கை அறை ஜன்னல்களையும் மூடிய நிலையில் ஸ்க்ரூ போட்டு இறுக்கி, இடுக்கெல்லாம் சேர்த்துப் பூச்சைப் பூசிவிட்டார் பெயிண்டர். சித்திரை மாதம் அது. ஏசி ஒரு அறையில்தான். மின்விசிறி அதே காற்றைத் திரும்பத் திரும்ப எங்கள் மேலேயே கொட்டியது. பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. எனக்கு மூச்சு முட்டியது. ஆபீஸிலிருந்து வந்து உள்ளே கால் வைக்கும்போதே டப்பாவுக்குள் இறங்குகிற உணர்வு வரும். குழந்தை மூடிய ஜன்னலைத் தட்டித் தட்டி, திறக்கச் சொல்லி "தெறு, தெறு" என்பாள். அவளிடம் என்ன சொல்வது? நான் தினமும் அந்த நேரத்துக்கு அவளை மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். அங்கிருந்து கீரைவண்டி தெரியாது. காக்காயைக் காட்டுவேன்.

கடைசியாக நிலைப்படி. அதைத்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தோம். ஏனென்றால் வாசல் பொது. பின்பாதிக்காரர்கள் பக்கவாட்டு நடை வழியாக வந்து எங்கள் நிலைப்படியைத் தாண்டித்தான் தெருவுக்குப் போக வேண்டும். அந்த வாசலில் ஒரு விநோதமான வழக்கம் இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நிலைப்படியைக் கழுவி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துக் கோலம் போட வேண்டும். பெயிண்டில் மஞ்சள் இருந்தாலும் வெள்ளிக்கிழமைக்கு நிஜ மஞ்சள்தான். ஒரு வெள்ளி எங்கள் முறை, ஒரு வெள்ளி சித்தியின் முறை. வழக்கு தொடங்கியதிலிருந்து இரண்டு குடும்பத்துக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆனாலும் இந்த முறை ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. யாரும் உட்கார்ந்து பேசி வைத்ததும் இல்லை.

நிலைப்படிக்குப் பூச்சு அடித்தது புதன்கிழமை. ஒரு வாரம் தண்ணீர் படக் கூடாது. வரும் வெள்ளி சித்தியின் முறை என்பது எனக்கு நன்றாகவே தெரியும். எப்படிச் சொல்வது? கழுவாதீர்கள் என்றால் ஏன் என்பாள். என் கணவரிடம் கேட்டேன். "புதுசா அடிச்சிருக்குன்னு பாத்தாலே தெரியாதா? அவாளே புரிஞ்சுப்பா" என்றார்.

சித்தி பார்த்தது வேறு. மஞ்சளும் பொட்டுமாக இருந்த நிலைப்படி, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக வெள்ளை வெளேரென்று மூளியாகக் கிடந்தது. இந்த வீட்டுச் சுமங்கலி அதைப் பார்த்துவிட்டுச் சும்மா தாண்டிப் போவாளா? ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் எடுத்து வந்து, மஞ்சள் பிடிக்க வேண்டுமே என்று அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

நான் குழந்தைக்குப் பால் ஆற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது பூச்சு பாலாடை மாதிரி சுருண்டு சுருண்டு வந்திருந்தது. கூடவே அடியிலிருந்த பழைய மஞ்சளும் செதில் செதிலாகப் பெயர்ந்து தண்ணீரில் மிதந்தது. என் குழந்தை சித்திக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, இரண்டு உள்ளங்கையையும் அந்த மஞ்சள் தண்ணீரில் வைத்து அப்பி அப்பிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கையை எடுங்கோ சித்தி! அது விஷம்!"

கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான். சித்தி விறைத்துப்போய் நிமிர்ந்தாள். "நான் வெக்கற மஞ்சளாடீ விஷம்?"

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. ரகசியமாவது மண்ணாங்கட்டியாவது. குழந்தையை அள்ளித் தூக்கிக்கொண்டு, அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். ரத்தம், ஜன்னல், பெயிண்ட், பூச்சு, அந்த மஞ்சள், எல்லாம். மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார், என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். சித்தி குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். வாசல் குழாயடிக்குப் போய்ச் சோப்புப் போட்டு, விரல் விரலாக, நக இடுக்கு நக இடுக்காகக் கழுவினாள். தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி கழுவினாள்.

பிறகு என்னைப் பார்க்காமல் கேட்டாள். "எங்காத்துப் பிள்ளையும் அந்தக் கூடத்து ஜன்னலைத்தான் கடிச்சுண்டு நிப்பான். அப்போ எல்லாரும் ஒண்ணா இருந்தோம். அதனாலயா இருக்குமோடீ?"

சித்தியின் மகனுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. பத்தாவதைத் தாண்டவில்லை. வேலைக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடுவான். சாதுவானவன், கொஞ்சம் மெதுவு, அவ்வளவுதான். "அவா அம்மா வழி அப்படி" என்று எங்கள் பக்கத்தில் வெகு சாதாரணமாகச் சொல்வார்கள். நானே காதால் கேட்டிருக்கிறேன். சித்தியும் கேட்டுக் கேட்டுத்தான் அந்தப் பின்பாதியில் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள்.

ஆமாம் என்று சொல்ல எனக்கு என்ன அருகதை? இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "தெரியலை சித்தி" என்றேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். இரண்டு பேருமாக ஈரத்துணி போட்டு ஒரு செதில் விடாமல் ஒற்றி எடுத்தோம். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சித்தப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. சொல்லட்டும் என்று காத்திருந்தேன். அவள் சொல்வாள், சித்தப்பாவின் வக்கீல் குதிப்பார், இந்த வீடு குழந்தைகள் இருக்கத் தகுதியில்லாத வீடு என்று கோர்ட்டே சொல்லும். நான் யாரையும் எதிர்த்துப் பேசாமலேயே வெளியே வந்துவிடலாம். அடுத்த வாய்தாவுக்கு என் கணவர் கிளம்பினார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே, "தள்ளி வெச்சுட்டா" என்றார். வேறு ஏதாவது நடந்ததா என்று கேட்டேன். வேறு என்ன நடக்கணும் என்றார்.

சில நாள் கழித்து நடுக்கதவின் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. சித்தி தலையை நீட்டினாள். "உங்காத்துப் பெயிண்டரை எங்காத்துக்கும் வரச் சொல்லு. எங்காத்துக்காரர்கிட்ட கரையானுக்குன்னு சொல்லியிருக்கேன்." அவள் என் முகத்தைத் தப்பாகப் படித்தாள். குரலைத் தாழ்த்தி, "நீ பயப்படாதே. ஒரு வார்த்தை சொல்லலை. உன் குழந்தையைக் கோர்ட்ல இழுக்க விடுவேனா நான்?" என்றாள். என் கையைப் பிடித்து அழுத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவு நல்லவளை நான் அந்த நிமிஷம் வெறுத்தேன்.

நிலைப்படிக்குத் திரும்பப் பூச்சு போட்டோம், இந்தத் தடவை சித்தி தன் முறை வெள்ளியில் தரையில் மட்டும் கோலம் போட்டுவிட்டுப் போனாள். அவளுடைய பக்கமும் பூசியாயிற்று. நான் துடைத்தேன், கழுவினேன், குழந்தைக்குக் கேழ்வரகும் பாலும் முருங்கைக்கீரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். மழைக்காலம் வந்தது. ஜன்னல் திறக்காத வீட்டில் மழை பெய்கிற சத்தம் வேறு எங்கேயோ பெய்கிற மாதிரி கேட்டது. குழந்தை சாப்பிட ஆரம்பித்தாள். புதுசு புதுசாக வார்த்தை வந்தது. "தெறு" என்பதை எப்போது நிறுத்தினாள் என்று நான் கவனிக்கவில்லை.

தை பிறந்து மறுபடி ரத்தம் எடுத்தோம். டாக்டர் முடிவைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். நன்றாகவே இறங்கியிருக்கிறது, இன்னும் இறங்கும், பூச்சு எங்கேயாவது விரிசல் விடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள் என்றார். "நல்ல வேலை பண்ணியிருக்கீங்கம்மா." குழந்தையை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். அவளுடைய கழுத்து வாசனையை முகர்ந்துகொண்டே வீடு வரை வந்தேன். என் பெண் பிழைத்துவிட்டாள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன்.

வீட்டில் மாமனார் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுக் காத்திருந்தார். என் கணவர் வரும் வழியிலேயே சர்க்கரைப் பொங்கலுக்கு வெல்லம் வாங்கியிருந்தார். கூடத்தில் ட்யூப்லைட் வெளிச்சத்தில், வழவழவென்று மூடிக் கிடந்த ஜன்னலைக் கையால் தட்டிக் காட்டி அவர் தன் அப்பாவிடம் சொன்னார்: "இனிமே எங்கயும் போக வேண்டியதில்லைப்பா. இது பத்து வருஷம் தாங்கும்னு டப்பாவுலயே போட்டிருக்கு. கேஸ் முடியற வரைக்கும் கவலையே இல்லை."

மாமனார் கையெடுத்துக் கும்பிட்டார். சாமியையா, ஜன்னலையா, என்னையா என்று தெரியவில்லை.

நான் வெல்லத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அரிசியைக் களைந்தேன். பத்து வருஷத்தில் குழந்தைக்கு என்ன வயதாகும், எனக்கு என்ன வயதாகும் என்று மனசு தானாகவே கூட்டியது. அப்போதுதான் அழுகை வந்தது, சத்தமாகவே வந்துவிட்டது. கூடத்தில் மாமனார் சொல்வது காதில் விழுந்தது: "அழட்டும், விடுடா. பெத்தவ இல்லையா, சந்தோஷத்துல அழறா."

அதுவும் பொய் இல்லை. பாதி அதுதான்.